தன்னார்வப் பணி செய்தால் வேலை கிடைக்க உண்மையிலேயே உதவுமா?

தாமரைநூல்:

எல்லோருக்கும் வணக்கம். வணிகவியல் படித்துவிட்டு ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வவுச்சர் பதிவு, வங்கிக் கணக்கோடு புத்தகத்தை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பில் இருந்தது. அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, வேலையை விட்டேன். இப்போது அம்மா தேறிவிட்டார். நான் மறுபடி வேலை தேடுகிறேன், ஆனால் நடுவில் விழுந்த சில வருட இடைவெளியைப் பார்த்ததுமே ரெஸ்யூமேயை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. நேர்காணல் வரைக்கும் போன இடங்களிலும் முதல் கேள்வியே "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்" என்பதுதான்.

தோழி ஒருத்தி, "வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பதற்கு ஏதாவது ஒரு தொண்டு அமைப்பில் தன்னார்வலராகச் சேர், ரெஸ்யூமேயிலும் போடலாம், நாலு பேர் பழக்கமும் கிடைக்கும்" என்கிறாள். அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. சம்பளம் இல்லாமல் உழைக்கிற நேரத்தில் சம்பளம் வருகிற வேலையைத் தேடு என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

ஆள் எடுப்பவர்கள் தன்னார்வப் பணியை நிஜமாகவே மதிக்கிறார்களா, அல்லது அது பேச்சுக்கு மட்டும்தானா? மதிப்பார்கள் என்றால் எந்த மாதிரிப் பணியை எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் கொடுக்கலாம், ரெஸ்யூமேயில் எங்கே எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசைக்கு அந்தப்பக்கம்:

பல வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். மதிப்போம். எப்போது என்றால், அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது படித்தவுடன் எனக்குப் புரிந்தால்.

ரெஸ்யூமேயை முதல் தடவை பார்க்கும்போது கண் போவது கடைசியாகச் செய்த வேலைக்குத்தான். அது சில வருடம் பழையதாக இருந்தால் இரண்டு சந்தேகம் வரும். கைப்பழக்கம் விட்டுப்போயிருக்குமோ என்பது ஒன்று. இன்னொருவர் சொல்லும் கெடுவுக்குள் வேலையை முடித்துக் கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறதா என்பது இன்னொன்று. நீங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டதை யாரும் குறையாக நினைக்கவில்லை, நினைக்கிற இடமாக இருந்தால் அங்கே போகாமலிருப்பதே நல்லது. ஆனால் அந்த இரண்டு சந்தேகத்துக்கும் காகிதத்தில் பதில் இல்லாதபோது, பதில் இருக்கிற இன்னொரு ரெஸ்யூமே மேலே போய்விடும். நடப்பது அவ்வளவுதான்.

"ஒரு தொண்டு அமைப்பில் தன்னார்வலராகப் பணியாற்றினேன், சமூக அக்கறை உண்டு" என்று எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. அதையே "சிறிய அறக்கட்டளை ஒன்றின் வரவு செலவை மாதந்தோறும் பதிவு செய்தேன், வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டேன், நிலுவையில் கிடந்த பழைய பதிவுகளைச் சரிசெய்து தணிக்கைக்குத் தயார் செய்தேன்" என்று எழுதியிருந்தால் எனக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. சம்பளம் வாங்கினீர்களா இல்லையா என்பது அங்கே எனக்கு இரண்டாம் பட்சம்.

அதனால் தனியாக, கடைசிப் பக்கத்தில், பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். வேலை அனுபவம் என்ற பகுதியிலேயே பொறுப்பின் பெயர், அமைப்பின் பெயர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதி, "தன்னார்வப் பொறுப்பு" என்ற சொல்லையும் கூடவே சேர்த்துவிடுங்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் சம்பள வேலை மாதிரிக் காட்டினால் பின்னால் விசாரிக்கும்போது தெரிந்துவிடும், அப்புறம் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

சான்றிதழ் சேர்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் மரம் நட்டது, ஒரு நாள் கடற்கரை சுத்தம் செய்தது, ஒரு நாள் மாரத்தானில் தண்ணீர் கொடுத்தது என்று வரிசையாகப் போட்டு அனுப்புகிறார்கள். அந்தக் காரியங்கள் எல்லாமே செய்ய வேண்டியவைதான், செய்கிறவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் அவை எனக்கு உங்கள் வேலைத் திறனைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. ஒரே இடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து செய்த ஒரு வேலை அந்தப் பட்டியல் முழுவதையும்விட அதிகம் சொல்லும்.

டெலாய்ட் என்ற பெரிய தணிக்கை, ஆலோசனை நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் ஆள் எடுக்கும் நிலையில் இருப்பவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. தன்னார்வ அனுபவம் உள்ள விண்ணப்பதாரரைத் தேர்வு செய்ய அதிக வாய்ப்பு உண்டு என்று 82 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனால் அந்த அனுபவத்தைக் குறிப்பிடும் ரெஸ்யூமேக்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். செய்தவர்களிலேயே பலர் எழுதாமல் விடுகிறார்கள், அதை நானும் தினமும் பார்க்கிறேன். நேர்காணலில் பேச்சுவாக்கில் "அதுவும் செய்தேன் சார்" என்று வெளியே வரும், அதுதான் அவருடைய மிக நல்ல அனுபவமாக இருக்கும்.

எண்ணும்எழுத்தும்:

மேலே சொன்ன 82 சதவீதம் மக்கள் வாயால் சொன்னது, அதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்று யாரும் அப்படித்தான் பதில் சொல்வார்கள். இதைவிட உறுதியான ஆய்வுகள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று அமெரிக்க அரசின் தேசிய மற்றும் சமூக சேவைக் கழகம் 2013-ல் வெளியிட்டது. 2002 முதல் 2012 வரையிலான மக்கள்தொகைக் கணிப்புத் தரவுகளிலிருந்து, வேலையில்லாமல் இருந்த 70,000-க்கும் மேற்பட்டவர்களை எடுத்துப் பார்த்தார்கள். தன்னார்வப் பணி செய்தவர்கள் வேலையில் சேர்வதற்கான சாதக விகிதம் செய்யாதவர்களைவிட 27 சதவீதம் அதிகம் என்று வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களிடம் அது 51 சதவீதம், கிராமப்புறத்தில் இருப்பவர்களிடம் 55 சதவீதம். கையில் வேறு சான்று எதுவும் இல்லாதவர்களுக்கே கூடுதல் பயன் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டமும் பெரிய நிறுவன அனுபவமும் வைத்திருப்பவருக்கு இதனால் கிடைக்கும் கூடுதல் பலம் கொஞ்சம்தான், ஒன்றும் இல்லாதவருக்கு இது முதல் சான்று.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. 27 சதவீதம் என்றால் நூறு பேரில் கூடுதலாக 27 பேருக்கு வேலை கிடைத்தது என்று அர்த்தம் இல்லை. சாதக விகிதம் என்பது கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் உள்ள விகிதம். நூறு பேரில் 40 பேருக்கு வேலை கிடைக்கிறது என்று வைத்தால், விகிதம் 27 சதவீதம் கூடும்போது அந்த 40 ஏறக்குறைய 46 ஆகும். நல்ல வித்தியாசம்தான், ஆனால் செய்தித் தலைப்பில் படித்தபோது மனதில் வந்த அளவு இல்லை. அதைவிட முக்கியம், தன்னார்வலராகப் போகிறவர்கள் இயல்பிலேயே சுறுசுறுப்பானவர்களாக, நாலு பேரிடம் பழகுகிறவர்களாக இருக்கலாம், அவர்களுக்கு எப்படியும் வேலை கிடைத்திருக்கும். படிப்பு, வயது மாதிரி விஷயங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், சுபாவத்தை அளக்க முடியாது.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் பெல்ஜியத்தில் நடந்த இரண்டாவது ஆய்வில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கற்பனை விண்ணப்பங்களை உருவாக்கி நிஜ வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். தகுதி எல்லாம் ஒரே மாதிரி, குலுக்கல் முறையில் சிலவற்றில் மட்டும் தன்னார்வப் பணி சேர்க்கப்பட்டது. ஆளே இல்லாததால் சுபாவம் என்ற பேச்சே இல்லை, காகிதத்தில் உள்ள அந்த ஓரிரு வரிதான் வித்தியாசம். அந்த வரிகள் இருந்த விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வந்தது, பெண்களின் பெயரில் போனவற்றுக்குப் பலன் இன்னும் கூடுதல். 2018-ல் வெளியானது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், இது அழைப்பு வரைக்கும்தான். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு நடப்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை.

தாமரைநூல், உங்களுக்கு அழைப்பு சரியாக வராததுதான் பிரச்சினை என்கிறீர்கள். அப்படியானால் இது உங்கள் பிரச்சினைக்கு நேராகவே பொருந்துகிற ஆய்வு.

கசப்புமருந்து:

எல்லோரும் நல்லதையே சொல்லிக்கொண்டு போகிறீர்கள், மறுபக்கமும் பதிவாகட்டும். தன்னார்வம் என்ற பெயரில் இலவசமாக ஆள் பிடிக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் "அனுபவம் கிடைக்கும், பிறகு நிரந்தரம் ஆக்குவோம்" என்ற பேச்சை நம்பிச் சம்பளம் இல்லாமல் உழைத்தவன். பிறகு என்ற அந்த நாள் வரவே இல்லை. என் இடத்துக்கு அடுத்த இலவச ஆள் வந்தார். அவர்கள் லாபம் பார்க்கிற நிறுவனம், நான் செய்தது அவர்கள் வாடிக்கையாளருக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த வேலை. அதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இதைச் சட்டமே சொல்கிற இடங்கள் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி லாப நோக்குள்ள தனியார் நிறுவனத்துக்கு ஒருவர் தன்னார்வலராக உழைக்க முடியாது. பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் தொண்டு நிறுவனம், தன்னார்வ அமைப்பு மாதிரியான இடங்களில் செலவுத்தொகை மட்டும் வாங்கிக்கொண்டு உழைப்பவர்களுக்குத்தான் விலக்கு தருகிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஒரு கோட்டை மனதில் வையுங்கள்: உங்கள் உழைப்பால் ஒருவர் லாபம் பார்க்கிறார் என்றால் உங்களுக்குச் சம்பளம் வர வேண்டும்.

வெளிநாட்டில் விசாவில் இருப்பவர்கள், வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் சேருவதற்கு முன்பே விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சம்பளம் இல்லாத வேலையும் வேலையாகவே எண்ணப்படும்.

நேரத்தைப் பற்றி அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் காலையிலிருந்து மாலை வரை அங்கே இருந்தால் விண்ணப்பம் எப்போது போடுவீர்கள், நேர்காணலுக்கு எப்போது போவீர்கள்? வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். நேர்காணல் வந்தால் அன்றைக்கு வர முடியாது என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் அன்றே திரும்பி வந்துவிடலாம்.

நடைபாதை:

கசப்புமருந்து சொன்ன அத்தனையும் உண்மை. இருந்தாலும் என் தங்கைக்கு முதல் வேலையே இப்படித்தான் கிடைத்தது. ரத்ததான முகாம் நடத்துகிற அமைப்பில் ஒருங்கிணைப்பு பார்த்தாள். இடம் பிடிப்பது, மருத்துவமனையோடு பேசுவது, வருகிறவர்கள் பட்டியல், கடைசி நிமிடத்தில் வராமல் போகிற ஆளுக்கு மாற்று ஏற்பாடு. இவற்றைத்தான் நேர்காணலில் சொன்னாள். இன்று மருத்துவமனை ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறாள்.

தூரத்துச்சொந்தம்:

ரெஸ்யூமே பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆட்கள் பழக்கம் என்று தோழி சொன்னாரே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை இதில் அடிப்படை. தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், அந்தத் தகவலைத் தந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர் என்றவர்கள் 55.6, மிக அரிதாகப் பார்க்கிறவர் என்றவர்கள் 27.8. நம் நெருங்கிய வட்டத்துக்கு ஏற்கனவே நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். அவர்களும் நாம் பார்க்கிற அதே விளம்பரத்தைத்தான் பார்க்கிறார்கள், அதே ஆட்களைத்தான் அறிவார்கள். கொஞ்சம் தள்ளி இருப்பவர் வேறு உலகத்தில் நடமாடுகிறார், அங்கே காலியாகிற இடம் அவர் காதில் முதலில் விழும்.

2022-ல், வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஒரு பெரிய பரிசோதனையும் ஏறக்குறைய இதையே காட்டியது, சிறு திருத்தத்தோடு. முற்றிலும் அந்நியராக இருப்பவரைவிட, மிதமான தூரத்தில் இருப்பவர்கள் மூலம்தான் வேலை மாற்றம் அதிகம் நடந்தது. அதாவது, இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிற அளவு உறவு.

சில வருடம் வீட்டிலேயே இருந்தவருக்கு முதலில் அறுந்துபோவது இந்த மிதமான தூரத்து ஆட்கள்தான். நெருங்கிய தோழி இருப்பாள், அம்மா அப்பா இருப்பார்கள், ஆனால் பழைய அலுவலகத்தின் பக்கத்துப் பிரிவுக்காரர், தணிக்கைக்கு வந்துபோனவர், வங்கியில் முகம் தெரிந்தவர், இவர்கள் எல்லாம் போய்விடுவார்கள். தன்னார்வ அமைப்பு அப்படிப்பட்டவர்களை மொத்தமாகத் திருப்பித் தருகிற இடம். ஓய்வு பெற்ற ஆசிரியர், சிறு தொழில் நடத்துகிறவர், வழக்கறிஞர், கல்லூரி மாணவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், அலுவலகத்தில் இந்தக் கலவை கிடைக்கவே கிடைக்காது. நீங்கள் வேலை தேடுகிறீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். போன முதல் வாரமே எல்லோரிடமும் கேட்க வேண்டாம், ஆனால் பேச்சு வரும்போது "கணக்குப் பிரிவில் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாத விஷயத்துக்கு யாரும் உதவ முடியாது.

திறந்தமூலம்:

வீட்டை விட்டு அதிகம் நகர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது என்பதற்காக இது. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்தே இணையவழித் தன்னார்வப் பணிகளை நடத்துகிறது. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆய்வு, எழுத்து என்று பலவகை. எல்லோரும் சேர்ந்து வரைகிற இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டடங்களையும் சாலைகளையும் வரைந்து கொடுக்கலாம், பேரிடர் நேரத்தில் நிவாரணப் பணிக்கு அந்த வரைபடங்கள் பயன்படுகின்றன, 2010 ஹைத்தி நிலநடுக்கத்தின்போது உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் இப்படித்தான் வரைந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரல்களைப் பகிர்ந்து சேர்ந்து எழுதுகிற கிட்ஹப் தளத்தில் புதியவர்களுக்கான சிறு வேலைகள் என்று தனியாகக் குறித்தே வைத்திருப்பார்கள்.

இவற்றின் பெரிய பலம், நீங்கள் செய்தது தேதியோடு எல்லோரும் பார்க்கும்படி பதிவாகி இருக்கும். யாரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய திருத்தத்தில் மூத்தவர் ஒருவர் குறை சொல்லியிருப்பார், நீங்கள் அதைச் சரிசெய்து திரும்ப அனுப்பியிருப்பீர்கள், அந்த உரையாடலே அங்கே இருக்கும். விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார் இந்த ஆள் என்று ஒரு மேலாளர் தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் கணக்கு வேலை தேடுகிறவருக்கு வரைபடம் வரைவது நேரடியாக உதவாது. ஆசையாக இருந்தால் செய்யுங்கள், அதை நம்பி நேரத்தை ஒதுக்காதீர்கள்.

தாமரைநூல்:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது, சரி போய்ப் பார் என்றார்.

இப்போது கையில் இரண்டு வாய்ப்பு. ஒன்று, வார இறுதியில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னொன்று ஒரு சிறு நூலக அறக்கட்டளை, கணக்கு எழுத ஆளில்லாமல் ரசீதுகளை உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். எதை எடுக்கட்டும்? அப்புறம் நன்றாகச் செய்தால் பரிந்துரைக் கடிதம் எப்படிக் கேட்பது, எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பழையபேரேடு:

உறையில் ரசீது என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை தங்கச்சி. தொண்டு அமைப்புகளின் கணக்கைப் பல வருடமாகப் பார்க்கிறவன் நான். வேலைக்காக என்றால் நூலகத்தை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை வேலை கிடைத்த பிறகு ஆயுசுக்கும் செய்யலாம், அதற்கு உங்கள் மனம் போதும்.

ஏன் நூலகம் என்றால், ஒழுங்காக ஓடுகிற அலுவலகத்தில் உங்களுக்கு ஒரு துண்டு வேலைதான் கிடைக்கும். இங்கே மொத்தமும் உங்கள் கையில். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, எண் போட்டு, பேரேட்டில் ஏற்றி, வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, எது இடிக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். கூடவே தொண்டு அமைப்புக்கே உரிய ஒன்றையும் கற்றுக்கொள்வீர்கள்: ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த நன்கொடையைத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும். புத்தகம் வாங்கக் கொடுத்த பணத்தில் கூரையைப் பழுது பார்க்கக் கூடாது. சிறு அமைப்புகள் தடுமாறுவது இங்கேதான், இதைப் புரிந்துகொண்ட ஆளுக்குத் தொண்டு நிறுவனங்களிலேயே சம்பள வேலையும் இருக்கிறது.

சேருவதற்கு முன் சிலதைக் கேளுங்கள். நிர்வாகக் குழு என்று ஒன்று நிஜமாகக் கூடுகிறதா, கடைசியாக எப்போது தணிக்கை நடந்தது, வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்கள் யார் யார்? பணத்தைக் கையில் வாங்குகிறவரும் அதைப் புத்தகத்தில் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நீங்கள் எழுதுகிறவர், அதனால் ரொக்கத்தைத் தொடாதீர்கள், காசோலையில் தனியாகக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடாதீர்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள், இது உங்கள் பாதுகாப்புக்கும் அவர்கள் பாதுகாப்புக்கும். பழைய பாக்கி எதுவும் புரியாவிட்டால் ஊகித்து எழுதாமல் குழுவிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சேருகிற அன்றே பொறுப்பை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளுங்கள். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதம் வரை. இந்தப் பக்கம்தான் பின்னால் ரெஸ்யூமேக்கு அடிப்படை ஆகும். மாதாமாதம் நீங்கள் முடித்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து யோசித்தால் பாதி மறந்திருக்கும். நன்கொடையாளர் பட்டியலையோ கணக்குத் தாளையோ மாதிரிக்கு என்று நேர்காணலுக்கு எடுத்துப் போகாதீர்கள், அது அவர்களுடைய ரகசியம். உங்கள் வேலையைக் காட்ட வேண்டுமென்றால் கற்பனை எண்களோடு அதே வடிவத்தில் ஒரு எக்செல் தாள் தயார் செய்துகொள்ளுங்கள்.

மேசைக்கு அந்தப்பக்கம்:

பரிந்துரைக்குக் கூச்சம் வேண்டாம், சம்பளம் தர முடியாத அமைப்பு மனதாரத் தரக்கூடியது அதுதான். கடைசி நாள் வரை காத்திருக்காமல், ஒரு பெரிய வேலை முடிந்த கையோடு கேளுங்கள், தணிக்கை முடிந்த வாரம் மாதிரி. அப்போதுதான் அவர்களுக்கு எல்லாம் நினைவில் இருக்கும். "ஒரு கடிதம் தாருங்கள்" என்று மட்டும் கேட்டால் "நல்லவர், பண்பானவர்" என்று நாலு வரி வரும், அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் செய்தவற்றில் மூன்று விஷயத்தை எழுதிக் கொடுத்து, இவற்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுத முடியுமா என்று கேளுங்கள். கடிதத்தைவிட முக்கியம், தொலைபேசியில் கூப்பிட்டால் பேசுவீர்களா என்று கேட்டு அனுமதி வாங்குவது. நாங்கள் கடிதத்தைப் படிப்பது குறைவு, கூப்பிட்டுப் பேசுவதுதான் அதிகம்.

இடைவெளி பற்றிய கேள்விக்கும் இப்போதே பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். "அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், அவர் தேறிவிட்டார், இப்போது ஒரு நூலக அறக்கட்டளையின் கணக்கை முழுவதுமாகப் பார்க்கிறேன், அதில் இன்னின்னது செய்தேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள். முதல் பகுதிக்கு ஒரு வாக்கியம் போதும், மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். அடுத்த கேள்வி தானாகவே நூலகத்தைப் பற்றி வரும்.

ஆறு மாதம் முடியும் வரை காத்திருந்து ரெஸ்யூமேயில் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை. முதல் மாதக் கணக்கை முடித்துக் கொடுத்த அன்றே "இன்று வரை" என்று போட்டு எழுதிவிடுங்கள், விண்ணப்பம் போடுவதையும் நிறுத்தாதீர்கள்.

தாமரைநூல்:

நூலகத்துக்கே போகிறேன். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், பழையபேரேடு அண்ணா சொன்ன கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டேன். ரொக்கத்தைத் தொடக் கூடாது என்பதை எப்படிச் சொல்வது என்று மட்டும் தயக்கம், அவர்களை நம்பவில்லை என்று நினைத்துவிடுவார்களோ?

பழையபேரேடு:

"தணிக்கையாளர் பிற்பாடு கேட்பார், அதனால் வாங்குகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள் தங்கச்சி. உண்மையும் அதுதான். ஒழுங்காக நடத்த நினைக்கிற அமைப்பாக இருந்தால், அதைக் கேட்டதும் உங்களுக்குக் கணக்கு தெரியும் என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.